கடல் வழக்கில் செயற்கை நுண்ணறிவு: எதற்கு உதவும், எங்கே கவிழ்க்கும்?

2021 மே 20 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. சிங்கப்பூர்க் கொடியுடன், 1,486 கொள்கலன்களை ஏற்றிவந்த அந்தக் கப்பல் ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்ரிக் துகள்கள் கடலிலும் கரையிலும் பரவின. 2023 ஜூலையில் லண்டன் கடல்சார் நீதிமன்றம் உரிமையாளர் தரப்பின் பொறுப்பை ஏறத்தாழ 1.9 கோடி பவுணுக்கு மட்டுப்படுத்தியது. 2025 ஜூலை 24 அன்று இலங்கை உயர் நீதிமன்றமோ 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தும்படி கட்டளையிட்டது.

கப்பல் ஒன்றுதான், தீயும் ஒன்றுதான். ஆனால் இரு நாடுகளில் இரு தொகைகள். "நட்டஈடு எவ்வளவு கிடைக்கும்?" என்று சாட்ஜிபிடி போன்ற ஒரு செயலியிடம் கேட்டால், அது ஒரே ஒரு விடையைத் தயங்காமல் சொல்லிவிடக்கூடும். எந்த நாட்டின் நீதிமன்றம், எந்தச் சட்டம் என்பதே கடல் வழக்கின் முதற் கேள்வி என்பதை அது சொல்லாமலும் விடலாம்.

கடல்சார் சட்டம் என்பது என்ன?

கப்பல் மோதல், சரக்கு இழப்பு, மாலுமிகளின் சம்பளம், கடல் மாசு முதலியவற்றைக் கையாளும் சட்டம் இது. மற்றச் சட்டங்களில் இல்லாத ஒரு வழி இதில் உண்டு: உரிமையாளர் வேறு நாட்டில் இருந்தாலும், துறைமுகத்துக்குள் வந்த கப்பலையே பிரதிவாதியாக்கித் தடுத்துவைக்கலாம். இலங்கையில் இந்த அதிகாரம் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மேல் நீதிமன்றத்துக்கு உரியது. அது வழமையாகக் கொழும்பிலேயே செயற்படுத்தப்படுகிறது. முல்லைத்தீவிலோ மன்னாரிலோ கப்பலால் வலை இழந்த ஒருவருக்கு இந்தத் தூரமும் செலவும் முதல் தடை. ஆவணங்களின் ஆங்கிலம் அடுத்த தடை.

எங்கே உதவுகிறது?

கப்பல் வாடகை ஒப்பந்தம் பல பத்துப் பக்கங்கள் நீளும். அதற்குள் தாமதக் கட்டணம் பற்றிய வாசகங்களைத் தேடுவது, மின்னஞ்சல்களையும் கப்பற் குறிப்பேட்டையும் திகதி வாரியாக அடுக்குவது, கடிதத்துக்கு முதல் வரைவு எழுதுவது போன்ற வேலைகளைச் செயலிகள் நிமிடங்களில் முடிக்கின்றன. கொடுத்த ஆவணத்துக்குள்ளேயே விடை இருக்கும் வேலைகள் இவை. அதனால் சட்டத்தரணி மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும்.

சாதாரண மக்களுக்கும் பயன் உண்டு. ஆங்கிலக் கடிதம் ஒன்றின் சாரத்தைத் தமிழில் அறியலாம். சட்டத்தரணியிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரிக்கலாம்.

எங்கே கவிழ்க்கிறது?

ஏவியங்கா விமான நிறுவனத்துக்கு எதிராக நியூயோர்க்கில் நடந்த வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளைச் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் காட்டினர். அவற்றில் ஆறு, உலகத்திலேயே இல்லாத தீர்ப்புகள். அவற்றில் ஒன்று உண்மையானதா என்று அதே செயலியிடம் கேட்டபோது "ஆம்" என்றே பதில் வந்தது. 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. சட்டத்துறைக்கென்றே விற்கப்படும் செயலிகளும், ஆறு கேள்விகளில் ஒன்றுக்காவது பிழையான அல்லது ஆதாரமற்ற விடை தருவதாக ஸ்ரான்போட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் காட்டினர்.

கடல் வழக்கில் மூன்று இடங்களில் கூடுதல் கவனம் தேவை.

முதலாவது, கால எல்லை. ஹேக்-விஸ்பி விதிகளின்படி சரக்கு இழப்புக்கு 1 வருடம். ஹம்பேர்க் விதிகளின்படி 2 வருடங்கள். இலங்கையில் அடிப்படை உரிமை மனுவுக்கோ அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி 1 மாதம் மட்டுமே. இவற்றில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொன்னால் உரிமையே போய்விடும்.

இரண்டாவது, பழைய சட்டம். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் திருத்தச் சட்டம் மூலம் தடைசெய்தது. வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணம் 2018இல் பலமடங்கு உயர்த்தப்பட்டது. திருத்தத்துக்கு முந்திய சட்டத்தைச் செயலி இன்றைய சட்டமாகச் சொல்லக்கூடும்.

மூன்றாவது, தமிழ். இலங்கையில் "உயர் நீதிமன்றம்" என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். தமிழ்நாட்டில் அதே சொல் மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். இரு நாட்டுத் தமிழையும் கலந்து கற்ற செயலி இங்கே எளிதில் தடுமாறும். எந்த நாடு என்பதைக் கேள்வியிலேயே எழுதுங்கள்.

இல்லாததை எழுதவிடாதீர்கள்

எம்மவரில் பலர் படகுப் பதிவு, வலை வாங்கிய பற்றுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இடப்பெயர்வில் இழந்தவர்கள். செயலியிடம் முறைப்பாடு எழுதச் சொன்னால், விடுபட்ட திகதியையும் தொகையையும் அது தானாகவே நிரப்பிவிடக்கூடும். அப்படி நிரம்பிய ஒரு வரி சத்தியக்கடதாசியில் ஏறினால், குறுக்கு விசாரணையில் முழு வாக்குமூலமும் சந்தேகத்துக்குள்ளாகும். ஞாபகம் இல்லாததை "ஞாபகம் இல்லை" என்றே எழுதுவதுதான் பாதுகாப்பு.

இரகசியமும் முக்கியம். இலவசச் செயலியில் இடும் தகவல் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. அடையாள அட்டை இலக்கம், கைது விபரம், சாட்சிகளின் பெயர் ஆகியவற்றை அதில் இடவேண்டாம்.

கடலில் சேதம் நேர்ந்தால்

- நேரத்தையும் ஜிபிஎஸ் அமைவிடத்தையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.
- கப்பலின் பெயரையும், தெரிந்தால் அதன் 7 இலக்க ஐஎம்ஓ எண்ணையும் பதியுங்கள். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது.
- அறுந்த வலையைத் திருத்துவதற்கு முன் படம் எடுங்கள்.
- பொலிஸ், கடற்றொழில் திணைக்களம், உங்கள் கூட்டுறவுச் சங்கம் மூன்றிலும் முறையிட்டுப் பிரதி வாங்குங்கள்.
- வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் அருகிலுள்ள நிலையத்தை நாடலாம்.

இந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தச் செயலியைப் பயன்படுத்தலாம். அது சொல்லும் சட்டப் பிரிவையும் தீர்ப்பையும் கால எல்லையையும் மூலத்தில் பார்க்காமல் பயன்படுத்தக்கூடாது. உங்கள் சட்டத்தரணி செயலியைப் பயன்படுத்துகிறாரா, விடைகளை எப்படிச் சரிபார்க்கிறார் என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.