வெள்ளீயம் பெற்ற வெற்றி

1895 ஆம் ஆண்டிலே உறொண்ட்சன் எட்சுக் கதிர்களைக் கண்டறிந்தார். அவற்றுள் அலைநீளம் மிக்கவை மென்கதிர்கள் எனப்படும். 1960 ஆம் ஆண்டிலே மெய்மன் என்பார் கலிபோர்ணியாவில் இலேசர் ஒளியை முதன்முதல் தோற்றுவித்தார். அவ்வொளியைக் குவித்து ஒரு பொருளைத் தாக்கின், அது சில இலட்சம் பாகை வெப்பமுற்றுப் பிளாசுமாவாகி மென்கதிர்களைச் சொரியும் என்பது பின்னர் அறியப்பட்டது. எப்பொருளை இலக்காக்குவது என்பதே அடுத்தெழுந்த வினா.

இவ்வினா ஆய்வுகூடத்துள் அடங்கி நிற்கவில்லை. 1986 இல் யப்பானிய அறிஞர் கினோசிற்றா மென்கதிரால் நுண்ணுருவம் பதிக்கலாம் எனக் காட்டினார். கணினிச் சில்லுகளிற் சுற்றுக்களைப் பொறிக்க உதவிய 193 நனோமீற்றர் ஒளி காலப்போக்கிற் போதாததாகவே, அறிஞர் கருத்து இவ்வழியிற் சென்றது.

மென்கதிரைக் காற்றும் கண்ணாடியும் உறிஞ்சிவிடும். ஆதலின் வில்லைகள் உதவா; வெற்றிடத்தில் அமைத்த ஆடிகளே வேண்டும். மொலித்தனமும் சிலிக்கனும் மாறிமாறி அடுக்கப்பெற்ற ஆடி, 13.5 நனோமீற்றர்க் கதிரில் நூற்றுக்கு எழுபது பங்களவு தெறிக்கச் செய்யும். எனவே, ஆடிக்கு இயைந்த கதிரைத் தரும் பொருளே இலக்காதல் வேண்டியதாயிற்று.

முதலில் செனன் விரும்பப்பட்டது. அது சடத்துவ வாயு, ஆடியிற் படியாது. ஆயின் அதன் கதிர்வீச்சு 11 நனோமீற்றரை அண்டியே வலிமை மிக்கது, 13.5 இற் கிடைத்த பயன் நூற்றுக்கு ஒன்றளவே. இலிதியமும் ஆராயப்பட்டது. வெள்ளீயத்திலோ பல்வேறு அயன்கள் ஒருங்கே 13.5 ஐ அண்டிக் கதிர்விடுதலின், பயன் செனனிலும் பன்மடங்காயிற்று. எனினும் அதன் ஆவி விலையுயர்ந்த ஆடிகளிற் படிந்து அவற்றைக் கெடுத்தது. தூய பொருள் பயன் குன்றியது. பயன் மிக்க பொருள் மாசு செய்வது. இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிதல் எளிதன்று.

தீர்வு இலக்கின் வடிவத்திற் பிறந்தது. உருக்கிய வெள்ளீயம், ஏறத்தாழ 30 மைக்கிரோமீற்றர் விட்டமுடைய துளிகளாக விநாடிக்கு 50,000 வீதம் விழவிடப்பட்டது. முதல் ஒளித்துடிப்பு துளியைத் தட்டையாக்க, காபனீரொட்சைட்டு இலேசரின் இரண்டாந் துடிப்பு அதனைப் பிளாசுமாவாக்கும். பொருள் சிறிதாதலின் மாசும் சிறிதாயிற்று. எஞ்சியதை ஐதரசன் வாயு வெள்ளீய ஐதரைட்டாக மாற்றி அகற்றும்.

இம்முறையாற் செய்த சில்லுகள் 2019 இற் கைத்தொலைபேசிகளில் இடம்பெற்றன. செம்புடன் கலந்து வெண்கலக் காலத்தை ஈன்ற பண்டை உலோகமே இன்றைய கணினிக் காலத்துக்கும் துணையாயிற்று. குறையுடையதென ஒரு பொருளைத் தள்ளாது, அக்குறையை நீக்க முயன்றமையே இவ்வெற்றிக்குக் காரணம் என்பது தெளிவு.