இந்தியானாபொலிஸ் பந்தயத்திடலும் தீயும்

அமெரிக்க ஐக்கிய நாட்டு இந்தியானாபொலிஸ் மோட்டார்ப் பந்தயத்திடலின் விதிகளுட் பல, உயிர்ச்சேதத்தின் பின்னரே எழுந்தவை. 1909ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நடந்த முதற் கார்ப் பந்தயங்களின்போது, நொறுக்கிய கல்லும் தாரும் இட்ட பாதை பெயர்ந்து சிதைந்தது; விபத்துக்களில் ஐவர் மாண்டனர். அதன் பின்னரே ஏறத்தாழ 32 இலட்சம் செங்கற்கள் அங்கே பதிக்கப்பட்டன.

1964 மே 30ஆந் திகதி நிகழ்ந்ததோ காண்போர் நெஞ்சை நடுங்கச் செய்தது. ஐந்நூறு மைற் பந்தயத்தின் இரண்டாஞ் சுற்றில் டேவ் மக்டொனால்ட் செலுத்திய கார் உட்சுவரில் மோத, அதிலிருந்த பெற்றோல் தீப்பற்றியது. எரிந்தவாறே அது பாதையின் குறுக்கே சறுக்கிற்று. கரும்புகைக்கிடையே வந்த எடி சாக்ஸின் கார் அதன்மீது மோதியது. இருவரும் உயிர் துறந்தனர். விபத்தின் பொருட்டு அப்பந்தயம் இடைநிறுத்தப்பட்டது அதுவே முதன்முறை.

மறு ஆண்டிலிருந்து பெற்றோல் நீங்கி, மெதனோல் என்னும் மதுசாரம் வழக்காயிற்று. அதன் தீயை நீரால் அணைத்தல் கூடும், கரும்புகையும் எழாது. ஆயின் பகலொளியில் அதன் சுவாலை கண்ணுக்குப் புலனாவது அரிது. 1981இல் எரிபொருள் நிரப்புகையில் ரிக் மியர்ஸ் மீது சிந்திய மெதனோல் பற்றிக்கொண்டது. முகம் வெந்து அவர் துடித்தபோதும் சூழ நின்றோர் தீயைக் கண்டாரல்லர். அவருடைய தந்தையாரே தீயணைகருவியை எடுத்து அணைத்தார்.