ஏரியின் கணக்கு

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குச் செல்லும் நம்மில் எவரும் ஓர் ஏரியின் படுகைக்குள் இறங்குவதாக எண்ணுவதில்லை. ஆயினும் உண்மை அதுவே. நூறாண்டுகளுக்கு முன்னர் மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கமாக நீண்டதொரு நீர்ப்பரப்பு விரிந்து கிடந்தது. 'லாங் டேங்க்' என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1923இல் ஏரியை வடித்து மனைகளாக்கும் பணி தொடங்கியது. மக்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையில் நின்று பார்த்தால், இன்று பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

ஓர் ஏரி ஒரே நாளில் சாவதில்லை. அதனைக் காக்கும் பொறுப்பும், அதற்கான பொருளும் முதலில் கைவிட்டுப் போகின்றன.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இதனைச் சிந்திக்கத் தூண்டுகின்றன. அவ்வூர்ச் சபை ஏரியைக் கவனிப்பதற்கென்றே அறுவர் கொண்ட 'ஏரி வாரியம்' ஒன்றைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்தது. அவர்தம் பதவிக்காலம் 360 நாள்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற்போனவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது என்பதையும் மறைத்தலாகாது; ஏரியில் மண் சுமந்தோர் அந்த ஓலையில் இடம்பெறவில்லை. இக்குறை இருப்பினும், பொதுப்பொருளுக்குக் கணக்குக் கேட்ட அந்நெறி போற்றத்தக்கது.

பிற்காலத்தில் ஊரார் கூடிக் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் வழக்கம் 'குடிமராமத்து' எனப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் நிலவரி கருவூலத்திற்குச் சென்றது. சில்லறைப் பராமரிப்போ குடிகளின் கடமையாகவே விடப்பட்டது. வழக்கம் தளர்ந்தபோது, 1858ஆம் ஆண்டின் சட்டம் கட்டாய உழைப்பையும் தண்டத்தையும் கொண்டு அதனை நிலைநிறுத்த முயன்றது. வருவாய் ஓரிடம், உழைப்பு வேறிடம் என்றான பின்பு, அச்சத்தால் மட்டும் ஏரிகள் நிலைக்குமோ?

நம் காலத்தில் அரசின் பார்வை சிறிது திரும்பியுள்ளது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கியது. குப்பைக் கிடங்காய்ச் சீரழிந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சாந்தோமுக்குத் தெற்கே அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டி, கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலம் சீர்செய்யப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இவை தாமாக வந்தவையல்ல. பறவைகளைக் கணக்கெடுத்த ஆர்வலரும், நீர்ப்பரப்பின் அளவை ஆண்டுதோறும் ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வாளரும், மனுக்கொடுத்துச் சலிக்காத குடியிருப்போரும், நீதிமன்றம் வரை சென்று வாதாடிய பொதுநல அமைப்புகளும் முன்னே நடந்தனர்; அரசாணையும் நிதியும் பின்னே வந்தன. வெறும் முறையீட்டைவிடச் சான்றுடன் கூடிய முறையீடே கோட்டையின் கதவைத் திறந்தது.

எனினும் நிதி ஒதுக்கப்பட்டதும் நம் கடமை முடிந்துவிட்டதாக நாம் ஓய்ந்துவிடுகிறோம். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் நுழைந்தபோது, தண்ணீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை என்பதை உணர்ந்தோம். வெள்ளம் வடிந்ததும் மறந்தவர்கள் நாம்தாம்.

நம் பகுதியின் குளத்திற்கும் கால்வாய்க்கும் இவ்வாண்டு ஒதுக்கப்பட்டது எவ்வளவு? செலவானது எவ்வளவு? தூர்வாரிய மண் எங்கே போயிற்று? வார்டு உறுப்பினரிடம் இவற்றைக் கேட்பதற்குக் குடவோலை தேவையில்லை, வாக்குரிமை போதும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சிலருக்கே உரியதாயிருந்த அவ்வுரிமை இன்று மண் சுமப்பவருக்கும் உண்டு. அதனைப் பயன்படுத்தாமல் விடுவோமாயின், அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்வது ஏரிகளின் பெயர் தாங்கிய தெருப்பலகைகளை மட்டுமே.