பழைய சைக்கிள் வீல் ஆடுகிறதா? ஹப்பைத் தூக்கிப் போடாமல் பேரிங்கை மட்டும் மாற்றுவது எப்படி?

ஆசைப்பட்டு வாங்கிய 1980-களின் ரேஸிங் சைக்கிள். ஃப்ரேம் நன்றாக இருக்கிறது, கியரும் ஒழுங்காக விழுகிறது. ஆனால் முன்சக்கரத்தில் 'கரகர'வென்று ஒரு சத்தம். கடைக்குக் கொண்டுபோனால், "ஹப்பு போச்சு சார், புது வீலே போட்டுக்கோங்க" என்கிறார்கள்.

பல நேரங்களில் போனது ஹப் இல்லை, அதற்குள் இருக்கும் பேரிங்தான். அந்தக் கால ஹப் மறுபடி கிடைப்பது கஷ்டம். பேரிங் அப்படியில்லை, பெரும்பாலும் மோட்டார் உதிரி பாகங்கள் விற்கும் கடையிலேயே கிடைத்துவிடும். அதனால் இந்த வேலையில் நாம் காப்பாற்ற வேண்டியது ஹப்பை.

எல்லா சைக்கிளிலும் இந்த பேரிங் உண்டா?

இல்லை. நம் ஊரில் ஓடும் பழைய ஹீரோ, அட்லஸ் வகை சைக்கிள்களில் இருப்பது கப்-கோன் அமைப்பு. கோனைக் கழற்றினால் பால்ரஸ் குண்டுகள் உதிரியாகக் கொட்டும். கார்ட்ரிட்ஜ் பேரிங்கில் குண்டுகள் இரண்டு வளையங்களுக்கு நடுவே அடைக்கப்பட்டு ஒரே துண்டாக இருக்கும். அமெரிக்காவின் ஃபில் வுட், பிரான்ஸின் மாவிக் போன்ற நிறுவனங்களின் பழைய ஹப்களில் இதைப் பார்க்கலாம். ஓரத்து நட்டையும் மூடியையும் எடுத்ததும் தட்டையான ரப்பர் அல்லது தகரத் தட்டு தெரிந்தால், அது கார்ட்ரிட்ஜ்.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, ரிம்மை இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் மீது சந்தேகப்படலாம். அடுத்து சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போலவோ, விட்டுவிட்டுச் சிக்குவது போலவோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுவதே நல்லது.

எந்த நம்பர் வாங்க வேண்டும்?

பேரிங்கின் ஓரத்திலேயே நம்பர் இருக்கும். 6000 என்றால் உள்விட்டம் 10, வெளிவிட்டம் 26, அகலம் 8 மி.மீ. 6001 என்றால் 12, 28, 8. நம்பருக்குப் பின்னால் '2ஆர்எஸ்' என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி, 'இசட்இசட்' என்றிருந்தால் தகர மூடி. மழையிலும் சேற்றிலும் ஓடும் சைக்கிளுக்கு ரப்பர் மூடிதான் சரி.

நம்பர் அழிந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் மூன்று அளவையும் எடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில பழைய ஹப்களில் அங்குல அளவு பேரிங் இருக்கும். உதாரணமாக 'ஆர்6' வகையின் வெளிவிட்டம் 22.225 மி.மீ. "எல்லாம் ஒண்ணுதான்" என்று 22 மி.மீ. பேரிங்கைப் போட்டால் அது கையாலேயே உள்ளே போய்விடும். ஓட ஓட ஆடி, ஹப்பின் குழியையே தின்றுவிடும்.

கழற்றுவது எப்படி?

பின்சக்கரம் என்றால் முதலில் ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும். பிறகு நட்டு, வாஷர், இடைக்குழாய் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரிங்கைவிடச் சற்றுப் பெரிய துளை போட்ட மரக்கட்டை மீது ஹப்பை வையுங்கள். எடை ஹப்பின் மீது நிற்க வேண்டும், ரிம் மீதோ ஸ்போக்ஸ் மீதோ அல்ல. ஆக்சிலின் மரை நசுங்காமல் இருக்க, முனையில் ஒரு நட்டைச் சமமாகப் போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பல ஹப்களில் ஆக்சில் ஒரு பேரிங்கோடு சேர்ந்தே வெளியே வரும். மற்றொன்றை உள்ளிருந்து ஒரு கம்பியால், நான்கு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி எடுக்கலாம். சில மாடல்களில் ஆக்சில் வேறு விதமாகப் பூட்டப்பட்டிருக்கும். தட்டியும் அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்படி எடுத்த பேரிங்கை மறுபடி ஓட்டுவதற்குப் போடக்கூடாது. உள்வளையத்தில் விழுந்த அடி குண்டுகள் வழியாகவே கடந்து போயிருக்கும், அவை ஓடும் பாதையில் பள்ளம் விழுந்திருக்கும்.

புதியதைப் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஒரே ஒரு விதி: ஹப்புக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தை அழுத்தினால் புது பேரிங் முதல் நாளே பாழ்.

இதற்குச் சுத்தியல் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மரை போட்ட நீளக் கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர்கள் போதும். வெளிவளையத்தின் மேல் பழைய பேரிங்கையே வைத்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சாய்ந்து ஏறினால் உடனே நிறுத்தி, நேராக்கித் தொடருங்கள்.

ரொம்ப டைட்டாக இருந்தால் வெப்பம் உதவும். அலுமினியம் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரியும். 28 மி.மீ. குழி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.04 மி.மீ. அகலும். பார்க்கச் சின்ன அளவுதான், ஆனால் இந்த இறுக்கத்துக்கு அதுவே பெரிய உதவி. ஹப்பை ஹேர் டிரையரால் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.

முதல் பேரிங் அமர்ந்ததும் ஆக்சிலையும் இடைக்குழாயையும் பழைய வரிசையில் வைத்து, அடுத்ததை ஏற்றுங்கள். உள்வளையம் ஆக்சிலின் படியையோ இடைக்குழாயையோ தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் குண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, சக்கரம் கனமாகச் சுற்றும்.

ஹப் நிஜமாகவே போய்விட்டது என்று எப்போது சொல்லலாம்?

சரியான அளவு பேரிங்கே கையால் தள்ளியதும் உள்ளே விழுந்தால், குழி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இடைவெளி மிகச் சிறிது என்றால் பேரிங்குக்கென்றே விற்கும் பிடிப்புப் பசை கைகொடுக்கும். ஸ்போக்ஸ் மாட்டும் விளிம்பில் விரிசல் இருந்தால் பேச்சே இல்லை, அந்த ஹப்பில் ஓட்டாதீர்கள். முன்சக்கரம் உடைந்தால் விழுவது முகம் குப்புற.

வேலை முடிந்து முதல் முறை ஓட்டிவிட்டு வந்ததும், ரிம்மை இன்னொரு முறை ஆட்டிப் பாருங்கள். ஆட்டமும் சத்தமும் இல்லாமல் சக்கரம் இலகுவாகச் சுற்றினால், உங்கள் பழைய ஹப் பிழைத்துவிட்டது.