பதினொரு கிலோ கணினியும் தம்பியின் லேப்டாப்பும்

இந்த முறை வரவு செலவு, பேலன்ஸ் ஷீட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் கணினி வரலாறு பார்க்கலாம். பி.காம் படிக்கிறவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு பஞ்சாயத்து.

தம்பி இந்த வருடம் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். ஹாஸ்டல். லேப்டாப் வாங்க வேண்டும். அவன் கைகாட்டியது 17.3 அங்குலத் திரை கொண்ட ஒரு கேமிங் லேப்டாப். எடை ஏறத்தாழ மூன்று கிலோ. கூடவே செங்கல் மாதிரி ஒரு அடாப்டர். இரண்டையும் பையில் போட்டால் நான்கு கிலோவை நெருங்கிவிடும். விலை ஒரு லட்சத்துக்குப் பக்கம். அது அப்பா சீட்டு எடுத்து வைத்திருக்கும் பணம். அப்பா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்பா, இதைத் தினமும் தூக்கிக்கிட்டுப் போக முடியுமா? முடியாதுன்னா அப்புறம் எதுக்கு மடிக்கணினின்னு பேரு?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் டைம் கேட்டேன். படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, இந்தக் கேள்விக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதைவிட ஆச்சரியம், இந்தக் கதையின் முதல் நாயகன் சின்ன வயதில் எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தவர். எங்கள் ஊர் திருவண்ணாமலை.

ஆரம்பத்திலிருந்து வருவோம். 1975-ல் ஐபிஎம் நிறுவனம் 5100 என்று ஒரு கணினியை வெளியிட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயரிலேயே 'போர்ட்டபிள்', அதாவது தூக்கிச் செல்லக்கூடியது என்ற சொல் இருந்தது. எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி! விலையும் எட்டாயிரம் டாலருக்கு மேல். சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறை. அறையோடு ஒப்பிட்டால் ஓர் ஆள் தூக்கக்கூடிய பெட்டி அதிசயம்தான். 'தூக்கலாம்' என்ற சொல்லுக்கு நிலையான அர்த்தம் கிடையாது, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். வரலாறு சொல்லித்தந்த முதல் பாடம் இது.

இப்போது நம்ம ஊர்க்காரர். ஆடம் ஆஸ்போர்ன் 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், ரமண மகரிஷியின் பக்தர், ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழ் 1964-ல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர். அந்தக் குடும்பம் திருவண்ணாமலையில் வாழ்ந்தது. ஆடமின் சிறுவயது தமிழ்நாட்டில்தான் கழிந்தது. பிறகு இங்கிலாந்து போய் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் வாங்கி, கணினிப் புத்தகங்கள் எழுதிப் பதிப்பித்துப் பேர் வாங்கினார்.

1981 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய கணினி ஆஸ்போர்ன் 1. வடிவமைத்தவர் லீ ஃபெல்சன்ஸ்டைன். பெரிய அளவில் விற்பனையான முதல் போர்ட்டபிள் கணினி என்று வரலாறு இதைத்தான் சொல்கிறது. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு. நடுவில் ஐந்தே அங்குலம் கொண்ட குட்டித் திரை, இரண்டு பக்கமும் ஃப்ளாப்பி டிரைவ். நினைவகம் 64 கிலோபைட். விமான இருக்கைக்கு அடியில் வைக்கிற அளவுக்கு இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்தது. எடை சுமார் 11 கிலோ!

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். அதாவது விமானத்தில் காலடியில் வைத்துக்கொண்டு போகலாம், பறக்கும்போது ஒரு வரி தட்டச்சு செய்ய முடியாது. :-)

ஆனாலும் ஜனங்கள் வாங்கினார்கள். முதல் எட்டு மாதத்தில் 11,000 கணினிகள், உச்சத்தில் மாதத்துக்கு 10,000 வரை போயிற்று. ஏன்? விலை 1,795 டாலர். அதோடு வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருட்களும் சேர்த்தே கிடைத்தன. தனித்தனியாக வாங்கினால் அந்த மென்பொருட்களுக்கே கணினி விலைக்குக் கிட்டத்தட்ட ஆகும். வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது எளிமையான ஒன்று. ஆபீஸில் பார்க்கும் வேலையை அதே கணினியில் வீட்டிலும் பார்க்க வேண்டும். ஆபீஸில் பிளக் இருக்கிறது, வீட்டிலும் பிளக் இருக்கிறது. நடுவில் கார் டிக்கி. அவ்வளவுதான்.

1983 செப்டம்பரில் ஆஸ்போர்ன் நிறுவனம் திவாலானது. அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசியதால், 'புதுசு வரட்டும்' என்று ஜனங்கள் பழையதை வாங்காமல் விட்டார்கள், கிடங்கில் சரக்கு தேங்கிப் பணம் முடங்கியது என்று சொல்வார்கள். 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்ற பெயரில் மேலாண்மைப் பாடங்களில் இன்னும் வருகிறது. எங்களுக்கும் வொர்க்கிங் கேப்பிடல் பாடம் நடத்தும்போது ஓர் ஆசிரியர் சொன்னார். ஆனால் நம்ம ஊர்க்காரர் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்தக் கதை முழுக் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். போட்டியாளர்களைப் பார்த்தால் புரியும். 1982-ல் வந்த கேப்ரோ II ஆஸ்போர்னை விட எடை கூடியது. ஆனால் திரை ஒன்பது அங்குலம். காம்பேக் போர்ட்டபிள் 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 1983-ல் கடைக்கு வந்தது. அதுவும் ஏறக்குறைய 12.7 கிலோ, அதுவும் ஒன்பது அங்குலத் திரை. ஆனால் ஐபிஎம் பிசிக்கான மென்பொருட்கள் அதில் ஓடும். விலை ஆஸ்போர்னை விட ஆயிரம் டாலருக்கு மேல் அதிகம். முதல் வருடமே 53,000 விற்றது, வருமானம் 111 மில்லியன் டாலர்!

யோசித்துப் பாருங்கள். 'தூக்கிச் செல்லும் கணினி' வாங்கப் போனவர்கள், இன்னும் கனமான கணினியைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு கிலோ அவர்களுக்குப் பொருட்டாகவே இல்லை. பெரிய திரையும், தங்களுக்கு வேண்டிய மென்பொருள் ஓடுவதும்தான் முக்கியமாக இருந்தது.

அப்படியென்றால் எடை குறைந்த கணினிகளே அப்போது இல்லையா? இருந்தன. எப்சன் ஹெச்எக்ஸ்-20 வெறும் 1.6 கிலோ, பேட்டரியில் ஓடும். ஆனால் திரையில் நான்கு வரி, வரிக்கு 20 எழுத்து. 1983-ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 அதைவிட லேசு. நான்கு சின்ன பேட்டரிகளில் நாள் முழுக்க ஓடியது. திரையில் எட்டு வரி. இதைப் பத்திரிகை நிருபர்கள் விரும்பி வைத்துக்கொண்டார்கள். சம்பவ இடத்தில் உட்கார்ந்து செய்தியைத் தட்டி, டெலிபோன் வழியே அலுவலகத்துக்கு அனுப்பலாம். அவர்களுக்குப் பிளக் இல்லாத இடத்தில்தான் வேலையே.

ஆக ஆரம்பத்திலேயே இரண்டு வம்சம் உண்டு. ஒன்று, இங்கிருந்து அங்கே எடுத்துப் போய் அங்கே செருகி உபயோகிப்பது. இன்னொன்று, போகிற வழியிலேயே உபயோகிப்பது. இரண்டுக்கும் நாம் ஒரே பெயர் வைத்ததால்தான் இவ்வளவு குழப்பமும்.

இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கப் பார்த்து அடிபட்ட கதையும் உண்டு. ஆப்பிள் 1989-ல் மாகின்டாஷ் போர்ட்டபிள் கொண்டு வந்தது. அருமையான திரை, பல மணி நேரம் தாங்கும் பேட்டரி. ஆனால் அது லெட்-ஆசிட் பேட்டரி, நம்ம வண்டி பேட்டரி இனம். மொத்த எடை 7 கிலோவுக்கு மேல், விலை ஆறாயிரம் டாலருக்கு மேல். விற்பனை படுத்துவிட்டது. இரண்டே வருடத்தில், 1991 அக்டோபரில், அதே நிறுவனம் இரண்டு மூன்று கிலோவில் பவர்புக் வரிசையைக் கொண்டு வந்தது, பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு லேப்டாப் என்றாலே லேசானது என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

கனமான வம்சம் அதோடு முடிந்ததா என்றால், இல்லை. 2006-ல் டெல் நிறுவனம் எக்ஸ்பிஎஸ் எம்2010 என்று 20 அங்குலத் திரையோடு ஒன்று விட்டது. எட்டு கிலோவுக்கு மேல், தூக்குவதற்குக் கைப்பிடியோடு. 2017-ல் ஏசரின் பிரடேட்டர் 21 எக்ஸ். 21 அங்குலத்தில் வளைந்த திரை, உள்ளே இரண்டு கிராஃபிக்ஸ் சிப், மின்சாரத்துக்கு இரண்டு அடாப்டர், எட்டு கிலோவுக்கு மேல் எடை. அமெரிக்காவில் 8,999 டாலர், இந்தியாவில் ஏழு லட்சம் ரூபாய் அளவில். நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோதான் அனுமதி. அதாவது, இருக்கைக்கு அடியில் போக வேண்டும் என்று 1981-ல் ஆஸ்போர்ன் போட்ட கணக்கில்கூட இது தேறாது!

மற்றதெல்லாம் இளைத்துக்கொண்டே போகும்போது கேமிங் லேப்டாப் மட்டும் ஏன் இளைக்கவில்லை? எனக்குப் புரிந்தவரை காரணம் சூடு. கிராஃபிக்ஸ் சிப் தின்கிற மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அந்தச் சூட்டை வெளியேற்றச் செம்புக் குழாய் வேண்டும், விசிறி வேண்டும், காற்று போக இடம் வேண்டும். இடம் என்றால் பருமன், செம்பு என்றால் எடை. 2017-ல் என்விடியா 'மேக்ஸ்-க்யூ' என்று ஒரு வழி கொண்டு வந்தது. சிப்புக்குப் போகும் மின்சாரத்தைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, லேப்டாப்பை ஒல்லியாக்குவது. வேகத்தில் கொஞ்சம் போகும். வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயர் டெஸ்க்டாப்பிலும் உண்டு, லேப்டாப்பிலும் உண்டு. டெஸ்க்டாப்பில் அது 450 வாட், லேப்டாப்பில் அதிகபட்சம் 175 வாட். சிப்பும் வேறு, நினைவகமும் குறைவு. பெயர் மட்டும்தான் ஒன்று.

பேட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் 100 வாட்-மணி வரைதான் எடுத்துப் போகலாம். அதனால் பெரிய கேமிங் லேப்டாப்பிலும் 99 வாட்-மணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விளையாடும்போது 200 வாட் இழுத்தால் 99-ஐ 200-ஆல் வகுத்துப் பாருங்கள். அரை மணி நேரம்கூட வராது. நிஜத்தில் பேட்டரிக்கு மாறியதும் லேப்டாப்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே முழு வேகம் வேண்டுமென்றால் பிளக் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், 1981-ல் ஆஸ்போர்ன் 1 வைத்திருந்தவர் மாதிரியே.

அதனால் இதை லேசான லேப்டாப்போடு ஒப்பிட்டுக் குறை சொல்வது சரியில்லை என்பது என் முடிவு. பெரிய கேமிங் லேப்டாப் பவர்புக்கின் பேரன் கிடையாது. ஆஸ்போர்ன், காம்பேக் வம்சத்து வாரிசு. மடக்கி வைத்த டெஸ்க்டாப். உங்களுக்கு இரண்டு இடம் இருந்து, இரண்டிலும் பிளக் இருந்து, நடுவில் வேலை இல்லையென்றால் அது தாராளமாக உதவும். வகுப்பில், நூலகத்தில், ரயிலில் திறந்து வைத்து உபயோகிக்க வேண்டுமென்றால் காசு தண்டம்.

ஞாயிற்றுக்கிழமை இதை வீட்டில் சொன்னேன். அப்பா பேச்சோடு விடவில்லை. அம்மாவிடம் சொல்லித் தம்பியின் காலேஜ் பையில் நான்கு கிலோ அரிசி அளந்து போட வைத்தார். "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வா" என்றார். தம்பி முறைத்துக்கொண்டே போனான். வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து சொன்னான்: "தோள் வலிக்குதுதான். ஆனா நான் என்ன தினமுமா தூக்கப் போறேன்? மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும்போதுதானே? லேப்ல அவங்க கம்ப்யூட்டரே இருக்கு." எந்தப் புத்தகமும் படிக்காமல் அவன் சொன்னது 1981-ல் வாங்கியவர்களின் அதே கணக்கு.

நான் ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன். டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு பழசானால் அதை மட்டும் மாற்றலாம். இதில் திரை, கீபோர்டு, சிப் எல்லாம் ஒரே உடம்பு, ஒன்று போனால் மொத்தமும் சர்வீஸுக்குப் போகும். நான்கு வருடத்தில் பாதி விலைக்குக்கூட விற்காது. தேய்மானம் என்பது இதுதான். அப்பாவுக்கு அது சீட்டுப் பணம், தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பி, விளையாட்டுக்காக மேலே போட்ட மாடலை விட்டு, அதே 17 அங்குலத்தில் ஒரு படி கீழே இருக்கும் மாடலைக் காட்டினான். பதினெட்டாயிரம் குறைகிறது. அடுத்த வாரம் வாங்குகிறோம்.

ஆடம் ஆஸ்போர்ன் 1992-ல் உடல்நலம் கெட்டு இந்தியா திரும்பினார். 2003 மார்ச்சில் கொடைக்கானலில் காலமானார். கணினியை முதலில் தூக்க வைத்தவர் நம் பக்கத்து மலையில் கடைசி நாட்களைக் கழித்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்பாவின் கேள்விக்கு நான் கடைசியாகச் சொன்ன பதில் இதுதான்: "தூக்கலாம்ப்பா. மடியில மட்டும் வைக்கக் கூடாது, சுடும்." :-)