குளிரில் கிக்கர்: பழைய மோட்டார் சைக்கிளைக் கிளப்பிய கலை

எஞ்சினுக்குள் எரிவது பெட்ரோலின் ஆவி. எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் ஆவி கலந்தால் எரிப்பு சீராக நடக்கும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினில் கார்பரேட்டர் அனுப்பும் பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாவதில்லை. துளிகளாகவே உள்ளே போய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோல் ஊட்ட வேண்டும். அதே குளிரில் எண்ணெய் கெட்டியாகி எஞ்சின் சுழல மறுக்கும். பேட்டரியும் பலம் இழக்கும். எவ்வளவு பெட்ரோல் ஊட்டுவது என்ற கணக்கை இன்று வண்டிக்குள் இருக்கும் கணினி கவனித்துக்கொள்கிறது. மோட்டார் சைக்கிள் வரலாற்றின் பெரும்பகுதியில் ஓட்டுபவரே கையாலும் காலாலும் காதாலும் அந்தக் கணக்கைப் போட வேண்டியிருந்தது.

தொடக்ககால வண்டிகளைப் பெடல் மிதித்தோ, தள்ளிக்கொண்டு ஓடி ஏறியோதான் கிளப்பினார்கள். நின்ற இடத்திலேயே காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கரை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1908இல் தம் வண்டிகளில் கொண்டுவந்தார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு மேக்னெட்டோ இருந்தது. ஜெர்மனியில் பாஷ் தொழிற்சாலையின் காட்லோப் ஹோனால்டு 1902இல் உருவாக்கிய உயர் மின்னழுத்த மேக்னெட்டோவுக்குப் பேட்டரியே தேவையில்லை. தன் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதன் பலவீனமும் அங்கேதான். மெதுவாகச் சுழன்றால் பொறி மங்கிவிடும். குளிரில் எண்ணெய் இறுகி, கிக்கர் நிதானமாக இறங்கும்போது, வலுவான பொறி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே அது கிடைக்காமல் போகும்.

கூடுதல் பெட்ரோல் ஊட்டும் வேலையை பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் அமல் கார்பரேட்டர் செய்தது. அமாக், பிரவுன் அண்ட் பார்லோ, பிங்க்ஸ் என்ற மூன்று நிறுவனங்கள் 1920களின் பிற்பகுதியில் இணைந்து பிறந்த பெயர் அது. அதன் மிதவை அறையின் மேல் டிக்லர் என்ற சிறிய பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மிதவை தாழ்ந்து பெட்ரோல் அளவுக்கு மீறி நிரம்பும். விரல் நனைந்தால் போதும் என்று பொருள். அந்த ஈரத்தைவிட எளிமையான அளவுகோலை அதன் பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. காற்று வரும் வழியை அடைக்கும் சோக்குக்கு ஹேண்டில்பாரில் தனியாக ஒரு நெம்பு இருந்தது.

1941-42 குளிர்காலத்தில், ரஷ்யப் போர்முனையில் இந்த ஏற்பாடுகள் எவையும் போதவில்லை. ஜெர்மன் படையினர் எஞ்சினுக்கு அடியில் தீமூட்டி எண்ணெயை இளக்கினார்கள். எண்ணெயோடு பெட்ரோலையும் கலந்தார்கள். எஞ்சின் சூடேறியதும் பெட்ரோல் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் தன் பதத்துக்குத் திரும்பும் என்பது அதன் பின்னிருந்த கணக்கு. போருக்குப் பின் 1956இல் ஜெர்மனியில் தொடங்கிய யானைச் சந்திப்பு, அதே குளிரை விருப்பத்தோடு தேடிப் போனவர்களின் கூட்டம். ‘பச்சை யானை’ என்று பட்டப்பெயர் பெற்ற சுண்டாப் கேஎஸ் 601 வண்டியால் வந்த பெயர் அது. பனியில் கூடாரமடித்துத் தங்கி, காலையில் வண்டியைக் கிளப்பிக் காட்டுவது அங்கே ஒரு தேர்ச்சியாகவே மதிக்கப்பட்டது.

இந்தியாவில் இந்தக் கலையைப் பரப்பிய வண்டி புல்லட். இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட்டுகளை இந்திய ராணுவத்துக்காக 1950களின் தொடக்கத்தில் மெட்ராஸ் மோட்டார்ஸ் தருவித்தது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிரிட்டனில் எஞ்சியிருந்த தயாரிப்பும் 1970இல் நின்றது. திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை. 1977 முதல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. பனிக்காலமே அறியாத கடற்கரையில் பூட்டப்பட்ட எஞ்சின்கள் லடாக் எல்லையிலும் ஆங்கிலேயக் குளிரிலும் உதைபட்டுக் கிளம்பின.

70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட புல்லட்டின் 346 சிசி ஒற்றை சிலிண்டரை வெறும் வேகத்தால் மட்டும் கிளப்ப முடியாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பிசகும். அதற்கென்று ஒரு முறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. முதலில் சாவியைப் போடாமல், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸரை இடக்கையால் இழுத்துப் பிடித்து, நாலைந்து முறை கிக்கரை மிதிப்பார்கள். இறுகிய எண்ணெய் விலகும். பெட்ரோலும் உள்ளே இறங்கும். பிறகு சாவி. இப்போது கிக்கரை மெல்ல அழுத்தும்போது ஆம்ப் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பொறியைத் தூண்டும் பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். டிகம்ப்ரஸரை மறுபடி இழுத்து, கிக்கரை ஒரு மயிரிழை இறக்கி, விட்டு, மேலே வரவைத்து, முழு மூச்சில் ஒரே உதை. மின்சாரம் செலவாவதைக் காட்ட வைத்த மீட்டரைப் பிஸ்டனின் இருப்பிடம் சொல்லும் கருவியாக மாற்றியது ஓட்டுபவர்களின் நுட்பம்.

அப்படியும் கிளம்பாத வண்டியை மெக்கானிக்குகள் அணுகிய வரிசை இன்றும் சரியானதே. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பார்த்த கையோடு பிளக்கைக் கழற்றுவார்கள். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்திருந்தால் வரவே இல்லை. இந்த ஒரு பார்வை பாதி வேலையை முடித்துவிடும். நனைந்த பிளக்கைத் துடைத்து, அடுப்பில் வாட்டி, சூடு ஆறுமுன் மாட்டுவது குளிர்ப் பிரதேசங்களில் பரவலான வழக்கம். அதன் பின் பொறி. பிளக்கை எஞ்சின் தலையில் சாய்த்து வைத்துக் கிக்கரை மிதித்தால் நீலப் பொறி பளிச்சென்று விழ வேண்டும். மஞ்சளாக மெலிந்து விழுந்தால் கண் பாயிண்டுக்குப் போகும், 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்தோ கருகியோ மாறியிருக்கும். இரவுப் பனியின் ஈரம் பாயிண்டில் படிந்திருந்தால் ஒரு காகிதத் துண்டைச் செருகி இழுத்தாலே போதும். பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் கிளம்பாவிட்டால்தான் வால்வு, பிஸ்டன் ரிங் என்று கம்ப்ரஷன் பக்கம் திரும்புவார்கள்.

பேட்டரிக்குத் தனிக் கவனம் வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏறிய அமிலத்தின் அடர்த்தி எண் 1.26க்கு மேல் இருக்கும்; அது எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்து, பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். லூகாஸ் நிறுவனத்தின் மின்னமைப்பு கொண்ட பல பிரிட்டிஷ் வண்டிகளில், பேட்டரி செத்துப்போனால் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகக் காயிலுக்கு மின்சாரம் அனுப்பும் அவசர நிலை ஒன்று சாவியிலேயே இருந்தது.

மலை இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பழைய வண்டிகளின் வரலாற்றில் மிகச் சுவாரஸ்யமான முரண் இதுதான். குளிர் கூடுதல் பெட்ரோல் கேட்கும். உயரம் குறைவான பெட்ரோல் கேட்கும். உதகமண்டலத்தின் 2,240 மீட்டர் உயரத்தில் இது பெரிதாகத் தெரியாது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் சோக்கைச் சற்று அதிக நேரம் இழுத்து வைத்தால் வண்டி கிளம்பிவிடும். 3,500 மீட்டரில் இருக்கும் லே நகரத்திலும், 5,359 மீட்டரில் இருக்கும் கர்துங் லா கணவாயிலும் கதை வேறு. கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதி. சமவெளிக்குப் பொருத்திய கார்பரேட்டர் ஜெட் அங்கே தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டும். அந்த நிலையில் சோக்கையும் இழுத்தால், முதல் இரண்டு உதையிலேயே பிளக் நனைந்துவிடும். அனுபவசாலிகள் இரண்டு உதைக்குச் சோக்கைப் பயன்படுத்தி உடனே விடுவார்கள். நனைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, உள்ளே தேங்கியதை உதைத்து வெளியேற்றுவார்கள். மிகுனி நிறுவன வடிவமைப்பில் மிக்கார்ப் என்ற பெயரோடு வந்த கார்பரேட்டர்களில் இன்னொரு நுட்பமும் உண்டு. சோக் தனி வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுவதால் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால்தான் அது வேலை செய்யும். பதற்றத்தில் முறுக்கியவர்கள் தாங்களே அதைக் கெடுத்தார்கள்.

மைசூரில் 1961 முதல் தயாரான ஜாவாவும் பின்னர் அதன் வழிவந்த எஸ்டியும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். உதைப்பது எளிது, கியர் நெம்பே கிக்கராகவும் மாறும். பெட்ரோலில் எண்ணெய் கலந்திருப்பதால் டிக்லரை ஒரு முறை அதிகமாக அழுத்தினாலே பிளக் எண்ணெய்ப் பசையோடு நனைந்துவிடும். மாற்றுப் பிளக் இல்லாமல் மலையேறிய எஸ்டிக்காரர் அரிது.

பாயிண்டைத் தேவையற்றதாக்கிய சிடிஐ பற்றவைப்பும், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் மின் ஸ்டார்ட்டரும் 1969இல் வந்த கவாசாகி எச்1, ஹோண்டா சிபி750 போன்ற வண்டிகளில் முறையே இடம்பெற்று உலகெங்கும் பரவின. புல்லட்டுக்கு அவை வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது 350 சிசி புல்லட் கார்பரேட்டரைக் கைவிட்டது. எஞ்சின் சூட்டையும் காற்றழுத்தத்தையும் உணர்கருவிகள் அளந்து பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தத் தொடங்கின. லே நகரத்தின் முரண் அத்தோடு தீர்ந்தது.

இன்னும் ஓடும் பழைய வண்டிகளுக்குப் புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். இந்தியப் பெட்ரோலில் 2022இல் 10 சதவீதமும் 2025இல் 20 சதவீதமும் எத்தனால் சேர்ந்தது. எத்தனால் ஆவியாகக் கூடுதல் வெப்பம் கேட்கும், ஈரத்தையும் ஈர்த்துக்கொள்ளும். நாள் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் பறந்துவிட, மிச்சம் பசையாகி ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளையை அடைக்கும். அதனால் நெடுநாள் நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் டேப்பை மூடி, மிதவை அறை காலியாகும்வரை எஞ்சினை ஓடவிடும் பழைய வழக்கத்துக்குத் தேவை முன்பைவிடக் கூடியிருக்கிறது.