பேப்பர் டேக்: டெக்சாஸ் நூறு வருஷத்துல ரெண்டு தடவை படிச்ச பாடம்

2025 ஜூலைக்கு முன்னாடி டெக்சாஸ்ல கார் ஓட்டினவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். முன்னால போற காரோட பின்பக்கம், நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்துல ஒரு வெள்ளைக் காகிதம். மேல ஒரு பிளாஸ்டிக் உறை. மழையில நனைஞ்சு, வெயில்ல வெளுத்து, பாதி எழுத்து தெரியாது. இதுக்குப் பேர் பேப்பர் டேக். புதுசா வண்டி வாங்கினா நிரந்தர நம்பர் வர்ற வரைக்கும் டீலர் தர்ற தற்காலிக நம்பர். 60 நாள் செல்லும்.

இந்தத் துண்டுக் காகிதம் எப்படி போலீஸுக்குப் பெரிய தலைவலியாச்சு, அதை எப்படி ஒழிச்சாங்கன்னு பார்ப்போம். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

வண்டிக்கு நம்பர் போடணும்னு முதல்ல யோசிச்சது பாரீஸ் போலீஸ், 1893-ல. அமெரிக்காவில் நியூயார்க் 1901-ல ஆரம்பிச்சது. ஆனா அங்க அரசாங்கம் பிளேட் கொடுக்கலை. உரிமையாளரே தன் இனிஷியலை எழுதி மாட்டிக்கணும். அரசாங்கமே அச்சடிச்சுக் கொடுத்த முதல் மாநிலம் மாசசூசெட்ஸ், 1903-ல.

டெக்சாஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1907-லிருந்து அங்க வண்டியை கவுண்டி அலுவலகத்தில் பதியணும். நம்பர் கொடுப்பாங்க. பிளேட்டை நீங்களேதான் செஞ்சுக்கணும். மரப்பலகை, தோல், தகரம், அவரவர் வசதி. ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியா நம்பர் கொடுத்ததால ஒரே நம்பர்ல பல வண்டி ஓடும். இப்படியே பத்து வருஷம் போச்சு. 1917-ல மாநில நெடுஞ்சாலைத் துறை வந்தது. பதிவு மாநிலத்தின் கைக்குப் போய், அரசாங்கமே பிளேட் கொடுக்க ஆரம்பிச்சது.

ஆக 1917-லயே ஒரு பாடம் படிச்சாச்சு. நம்பரை யார் வேணாலும் செஞ்சுக்கலாம்னா அந்த நம்பருக்கு மதிப்பில்லை. இந்தப் பாடத்தைத்தான் அப்புறம் மறந்தாங்க.

மறந்தது கெட்ட எண்ணத்துல இல்லை. வண்டி வாங்கினவர் அன்னிக்கே வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகணும். பதிவு முடிய சில வாரம் ஆகும். நடுவுல ஏதாவது ஒரு அடையாளம் வேணும். அதனால உரிமம் உள்ள டீலர், அரசாங்கத்தோட இணையத் தளத்துல வண்டி விவரத்தைப் போட்டா ஒரு நம்பர் வரும், அதைத் தன் கடை பிரிண்டர்லயே அச்சடிச்சுக்கலாம்னு ஏற்பாடு. வேலை சுலபம், செலவும் கம்மி.

ஓட்டை எங்க இருந்ததுன்னா, டீலர் உரிமம் வாங்குறதுல. அப்போ விண்ணப்பிக்கிறவர் கைரேகை கொடுக்க வேண்டாம். திருடின அடையாளத்தை வெச்சு, காரே இல்லாத ஒரு "கார் கடை"க்கு உரிமம் வாங்கிடலாம். வாங்கியாச்சுன்னா தளத்துக்குள்ள நுழைய பாஸ்வேர்டு வந்துடும். அப்புறம் என்ன, நோட்டு அடிக்கிற மெஷின் வீட்டுக்கு வந்த மாதிரிதான்!

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். போலி டேக் ரெண்டு வகை. ஒண்ணு, கம்ப்யூட்டர்ல படத்தைத் திருத்தி அச்சடிச்சது. போலீஸ் நம்பரைத் தட்டிப் பார்த்தா மாட்டிக்கும். இன்னொண்ணு, அரசாங்கத் தளத்துல இருந்தே வந்த "அசல்" நம்பர், ஆனா பின்னால இருக்கிற பேரும் விலாசமும் பொய். தட்டிப் பார்த்தா பதிவு இருக்குன்னுதான் காட்டும். ரெண்டாவதுதான் ஆபத்து.

2021-ல ஹூஸ்டன்ல மத்திய அரசு ஒரு வழக்கு போட்டது. மூணு பேர் மேல குற்றச்சாட்டு. 2016-லிருந்து 2021 வரைக்கும் போலி டீலர் பேர்கள்ல 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டேக் வித்தாங்கன்னு. சுமார் நாலரை வருஷம்னு வெச்சு வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு 300-க்கு மேல! எந்த டீலர் நாளைக்கு 300 கார் விக்கிறார்? இந்தக் கணக்கை ஒரு கம்ப்யூட்டரே போட்டு எச்சரிச்சிருக்கலாம். போடலை.

வாங்கினவங்க டெக்சாஸ்ல மட்டும் இல்லை. நியூயார்க் தெரு வரைக்கும் டெக்சாஸ் காகிதம் ஓடுச்சு. இன்சூரன்ஸ் இல்லாதவர், சுங்கக் கட்டணம் கட்டாதவர், புகைச் சோதனையில தேறாத வண்டிக்காரர், இவங்களோட திருட்டு வண்டிக்காரரும் துப்பாக்கியால சுட்டுட்டுத் தப்பிக்கிறவரும். எல்லாருக்கும் ஒரே காகிதம்.

ஏன் உடனே நிறுத்தலைன்னு கேட்பீங்க. ஒரு டீலர் மோசடி பண்றான்னு தெரிஞ்சாலும், முறைப்படி விசாரணை முடியற வரைக்கும் அவனைத் தளத்தை விட்டு வெளியேத்த மோட்டார் வாகனத் துறைக்கு அதிகாரம் இல்லை. விசாரணை மாசக்கணக்குல நடக்கும். அதுவரைக்கும் அவன் அச்சடிச்சுக்கிட்டே இருப்பான். 2021-ல ஒரு சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. எத்தனை டேக் எடுக்கலாம்னு வரம்பு வைக்கவும் வழி பண்ணுச்சு. ஆனா துறையோட வாரியம் விதியை நிறைவேத்தினது 2022 ஜனவரியிலதான். டல்லாஸ் தொலைக்காட்சி நிருபர்கள் விடாம தோண்டிக்கிட்டு இருந்த நேரம் அது. அடுத்த மாசமே துறையின் நிர்வாக இயக்குநர் விட்னி ப்ரூஸ்டர் ராஜினாமா செய்தார். செப்டம்பர்ல கைரேகை கட்டாயமாச்சு. டிசம்பர்ல டேக் வடிவத்தையும் மாத்தினாங்க.

அந்த வடிவம் வர்றதுக்குச் சில வாரம் முன்னாடி, 2022 நவம்பர் 14 ராத்திரி, டல்லாஸ் பக்கத்துல இருக்கிற கிராண்ட் ப்ரெய்ரியில ஒரு இளம் போலீஸ் அதிகாரி போலி டேக் மாட்டின ஒரு காரைத் துரத்திப் போனார். வழியில அவரோட வண்டி மோதி இறந்துட்டார். அதுவரைக்கும் சுங்க நஷ்டம், வரி நஷ்டம்னு பேசிக்கிட்டிருந்தவங்க அப்புறம் அப்படிப் பேச முடியலை. அந்த ஊர் போலீஸ் தலைவரே சட்டசபை வரைக்கும் போய் வாதாடினார்.

2023-ல கிரெய்க் கோல்ட்மேன் கொண்டு வந்த மசோதா 718 நிறைவேறுச்சு. காகிதத்தைத் திருத்த வேண்டாம், அடியோட எடுத்துடலாம்னு முடிவு. 2025 ஜூலை 1-லிருந்து டெக்சாஸ்ல வண்டி வாங்கினா டீலரே உலோக பிளேட்டை மாட்டி அனுப்பணும். அரசாங்கம் டீலருக்கு பிளேட்டை எண்ணிக் கொடுக்கும். அவர் பூட்டி வெச்சு ஒவ்வொண்ணுக்கும் கணக்குக் காட்டணும். மாறுறதுக்கு ரெண்டு வருஷம் அவகாசம் கொடுத்தது இந்த ஏற்பாட்டுக்காகத்தான்.

இதோட எல்லாம் சரியாயிடுமா? உலோக பிளேட்டையும் ஸ்க்ரூ கழட்டித் திருடலாம்தான். ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. ஒரு பிளேட்டைத் திருடினா ஒரு பிளேட்தான் கிடைக்கும். ஒரு பாஸ்வேர்டைத் திருடினா லட்சம் கிடைக்கும். 1917-ல தகரப் பலகையை ஒழிச்சப்பவும் சரி, 2025-ல காகிதத்தை ஒழிச்சப்பவும் சரி, மாத்தினது பொருளை மட்டும் இல்லை. நம்பரை அச்சடிக்கிற உரிமையை அரசாங்கம் தன் கைக்கே திரும்ப எடுத்துக்கிட்டது.

எனக்கு இருக்கிற வருத்தம் ஒண்ணுதான். நாளைக்கு 300 டேக்குங்கற கணக்கு அஞ்சாம் கிளாஸ் பையனுக்கே புரியும். அதைப் பார்க்க ஒரு ஆளைப் போட்டிருந்தா, ஒரு உயிர் மிஞ்சியிருக்கலாம். நீங்க என்ன நினைக்கறீங்க?